உழைக்கிறவன் மேல் கை வைக்காதவன்

சாவோ பாவ்லோ நகரத்து வீலா ஸெரேனா பேட்டையில் அந்தச் சுவரொட்டி இல்லாத கம்பமே கிடையாது. மருந்துக் கடை, முடிதிருத்தகம், பேருந்து நிறுத்தம், எங்கே திரும்பினாலும் அமாருவின் மூஞ்சிதான். சாம்பல் நிறக் கோட்டு, நீல டை, படிய வாரிய நரைமுடி, நெஞ்சோடு அணைத்த வேதப் புத்தகம். 'நரகத்திலிருந்து மேடைக்கு! முன்னாள் கொலைகாரரின் சாட்சி. சனிக்கிழமை மாலை. குடும்பத்தோடு வாருங்கள்.' குடும்பத்தோடு வர வேண்டுமாம்! ஜுரேமாவின் குடும்பத்தில் அவன் மிச்சம் வைத்தது அவளை மட்டும்தான்.

பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில் கைக்கு எட்டியதையெல்லாம் கிழித்தாள். கிழித்ததைச் சுருட்டிக்கொண்டு போய், சமையலறைக் குப்பைத் தொட்டியில் வெங்காயத் தோலுக்கு அடியில் அழுத்தினாள். ஜுரேமா அந்த அரசுப் பள்ளியின் சமையல்காரி. பிள்ளைகள் எல்லோருக்கும் அவள் அத்தை. மணி அடித்தது காதில் விழாத பிள்ளைக்கும் அவள் குரல் விழும். 'சோறு ஆறுது!' என்று ஒரு சத்தம் போட்டால் மைதானத்தின் கடைசியில் பந்து உதைக்கிறவன்கூட நின்று திரும்பிப் பார்ப்பான்.

அன்றைக்குச் சாப்பாட்டு வரிசையில் ஒரு சிறுமி தட்டை நீட்டிக்கொண்டே கேட்டாள். "அத்தை, அந்த அமாருவ நீங்க நேர்ல பாத்திருக்கீங்களாமே? கெட்டவங்கள மட்டுந்தான் கொன்னாராம், நெசமா?"

"யாரு சொன்னா?"

"அவரே வீடியோல சொல்றாரு அத்தை. உழைக்கிறவங்க மேல கையே வெக்க மாட்டாராம். எங்கப்பா தெனம் பாக்குறாரு."

"தட்டப் பாத்துப் புடி. பீன்ஸ் சிந்துது."

பீன்ஸைச் சிந்தியது சிறுமி இல்லை. ஜுரேமாவின் கரண்டிதான். முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்த ஒரு வாக்கியம் சாகவில்லை. அப்பன் வாயிலிருந்து பிள்ளை வாய்க்கு வந்துவிட்டது.

அமாருவின் கதையை இந்தப் பேட்டையில் யாரைக் கேட்டாலும் கொஞ்சம் உப்பு புளி சேர்த்தே சொல்வார்கள். மினாஸ் மாநிலத்தில் ஏதோ ஒரு மலைக் கிராமத்தில் பிறந்தவன். சின்ன வயதில் மாதா கோயிலில் மணியடித்தவன், அதனால் அவனுக்குக் கோயில்பிள்ளை என்று பட்டப்பெயர். அப்பனைக் கொன்றவனை மீசை முளைக்கும் வயதில் அரிவாளால் வெட்டிவிட்டு சாவோ பாவ்லோவுக்கு ஓடிவந்தான். நேலியு முதலாளியின் மளிகைக் கடையில் காவல்காரனாகச் சேர்ந்தான். அந்த நாளில் போலீஸ் இந்த மேட்டுக்கு ஏறி வருவது பிணம் எடுக்க மட்டும்தான். சம்பள நாளில் பேருந்தை விட்டு இறங்குகிறவனைக் கத்தி காட்டிப் பிடுங்குவார்கள், கடைக் கூரையைப் பிரித்து இறங்குவார்கள். கடைக்காரர்கள் நேலியுவின் கிடங்கில் கூடிப் பேசினார்கள். கோயில்பிள்ளையின் இடுப்பில் ஒரு துப்பாக்கி ஏறியது.

சுடுவதற்கு முன் சிலுவை போட்டுக்கொள்வான். முதல் பிணம் விழுந்தபோது பேட்டை பயந்தது. மூன்றாவது விழுந்தபோது கைதட்டியது. அதற்கப்புறம் அவனுக்குத் தெருவில் எங்கே போனாலும் காபி இலவசம். பெண்கள் கேக் சுட்டுக் கொடுத்தார்கள். ஜுரேமாவும் ஒரு மழை நாளில் அவனை வாசலில் நிற்க வைத்துச் சூடாகக் காபி கொடுத்திருக்கிறாள். அதை நினைத்தால் இப்போதும் அந்தக் கையை வெட்டிப் போடலாம் போல இருக்கும் அவளுக்கு.

இங்கே தெருவில் ஒருவன் செத்துக் கிடந்தால், வண்டி வந்து எடுத்துப் போகும்வரை யாராவது ஒரு துணியைப் போர்த்தி, தலைமாட்டில் மெழுகுவத்தி ஏற்றி வைப்பார்கள். முன்பின் தெரியாதவனாக இருந்தாலும் செய்வார்கள். அமாரு சுட்டவர்களுக்கு மட்டும் அது நின்றுபோனது. யாரும் கூடி முடிவு செய்யவில்லை, தானாக நின்றது. திருடனுக்கு எதற்கு வெளிச்சம் என்று நினைத்தார்கள். அப்படி இருட்டில் விட்ட ஒருவனைத் தாண்டித்தான் ஜுரேமாவும் ஒரு காலையில் வேலைக்குப் போனாள். அவனுக்கும் ஒரு அக்கா இருந்திருப்பாள் என்று அன்றைக்கு அவளுக்குத் தோன்றவில்லை.

அவள் தம்பி ஜெனிவால் மூலைக்கடையில் ரொட்டி சுடுகிறவன். வடக்கே பெர்னாம்புகோ மாநிலத்தின் வறண்ட காட்டிலிருந்து, அம்மா செத்த பிறகு, இவள்தான் அவனைக் கையைப் பிடித்துப் பேருந்தில் கூட்டி வந்தாள். ஊரில் சோளமாப் புட்டு தின்று வளர்ந்த பையன், இங்கே வந்து கோதுமை மாவுக்குள் விழுந்தான். குளித்துவிட்டு வந்தாலும் காதுமடலுக்குப் பின்னால் மாவு ஒட்டியிருக்கும். விசில் அடித்துக்கொண்டே நடப்பான். வேலை முடிந்து வரும்போது ஒரு காகிதப் பையில் சூடான ரொட்டி கொண்டுவருவான், அதில் பாதி பக்கத்து வீட்டு ஸுல்மிராவுக்கு. அவள் புருஷன் ஓடிப்போய் மூன்று பிள்ளைகளோடு கிடந்தாள். கேட்காமலே ஜன்னலில் வைத்துவிட்டு வருவான்.

அவனை யாரும் ஜெனிவால் என்று கூப்பிட்டதில்லை. பையானோ என்றுதான் கூப்பிட்டார்கள். பாயியா மாநிலத்துக்காரன் என்று அர்த்தம். அவன் பாயியாவில் ஒரு நாள் தங்கியது கிடையாது. ஆனால் சாவோ பாவ்லோக்காரனுக்கு வடக்கேயிருந்து பெட்டியோடு வந்து இறங்குகிறவன் எல்லாம் ஒரே பையானோதான். எந்த மாநிலம், என்ன பெயர் என்று கேட்க வாய் வலிக்கும் இவர்களுக்கு. "எம் பேரு ஜெனிவால்ண்ணே" என்று முதலில் திருத்திப் பார்த்தான். "சரிடா பையானோ" என்றார்கள். பிறகு விட்டுவிட்டான். பேட்டையில் அப்படி ஏழெட்டுப் பையானோ இருந்தார்கள். அதில் ஒருவன் திருடன். பேருந்துப் பணிமனைக்குப் பின்னால் குடியிருந்தவன். அவன் நேலியுவின் கடையைப் புகுந்து அள்ளிக்கொண்டு போனான்.

"இது அந்தப் பையானோ வேலதான்" என்றார் நேலியு. எந்தப் பையானோ என்று அமாரு கேட்கவில்லை. முனையில் நின்ற யாரிடமோ "பையானோ எங்கடா?" என்றான். கேட்கப்பட்டவன், ரொட்டிக் கடையிலிருந்து வெளியே வந்துகொண்டிருந்தவனைக் கைகாட்டினான். அமாரு சிலுவை போட்டுக்கொண்டான்.

நல்ல வெயில் நேரம். தெருவே பார்த்தது. ஜுரேமா ஓடிவந்தபோது ரொட்டிகள் பையிலிருந்து உருண்டு மண்ணில் கிடந்தன. தம்பியின் வாயிலிருந்து வழிந்ததைத் தன் பாவாடை நுனியால் துடைத்தாள். பிறகு எழுந்து, எதிரே இருந்த நேலியுவின் கடைக்கு ஓடி, ஒரு மெழுகுவத்தி கேட்டாள்.

"மெழுகுவத்தி தீந்துபோச்சும்மா" என்றார் நேலியு. அவர் முதுகுக்குப் பின்னால் பலகையில் மெழுகுவத்திக் கட்டுகள் உத்தரம்வரை அடுக்கியிருந்தன.

தம்பியின் தலைமாட்டில் வெறுங்கையோடு உட்கார்ந்தாள். வண்டி வரும்வரை ஒருவரும் பக்கத்தில் வரவில்லை. ஸுல்மிரா மட்டும் அன்று சாயங்காலம் வந்தாள். வந்து என்ன சொன்னாள் தெரியுமா? "அமாரு காரணமில்லாம செய்ய மாட்டான் பொண்ணே. தம்பி வெளில என்னென்ன பண்ணிட்டிருந்தான்னு ஒனக்கு முழுசா தெரியுமா?" அவள் வயிற்றில் அப்போது முந்தின நாள் ஜெனிவால் கொடுத்த ரொட்டி இருந்தது.

அடுத்த வாரமே நிஜத் திருடன் மருந்துக் கடைக் கூரையைப் பிரித்து இறங்கினான். பேட்டைக்கே விஷயம் விளங்கிவிட்டது. ஆனால் எல்லோர் வாயிலும் கொழுக்கட்டை. இவன் நிரபராதி என்றால், மற்றவர்கள் எப்படி என்று கேள்வி வரும். கைதட்டின கைகளை எங்கே கொண்டு வைப்பது? ஆகையால் ஜெனிவாலைத் திருடனாகவே இருக்கவிட்டார்கள், அதுதான் எல்லோருக்கும் வசதி. அமாரு பிடிபட்டபோது, விலங்கு மாட்டிய கையைத் தூக்கித் தொலைக்காட்சியில் சொன்னான். "நான் உழைக்கிறவன் மேல கை வெச்சதே இல்ல." நாடே கேட்டது. மறுநாள் பத்திரிகையில், செத்தவர்கள் வரிசையில், 'பையானோ என்ற குற்றவாளி' என்று போட்டிருந்தார்கள். பெயர்கூட இல்லை. ஜுரேமா துணி துவைத்துக்கொண்டிருந்த வீட்டில், திருடன் அக்காவை உள்ளே விடுவதா என்று நிறுத்திவிட்டார்கள். அவளைக் கட்டிக்கொள்வதாக இருந்தவனின் அம்மாவும் அதே கேள்வியைக் கேட்டாள். அவன் வேறு பேட்டைக்கு வீடு மாறிப் போனான்.

நீதிமன்றம் அமாருவுக்கு நூற்றுக்கணக்கான வருஷம் எழுதியது. எழுதி என்ன? முப்பதுக்கு மேல் யாரையும் உள்ளே வைக்கச் சட்டத்தில் இடமில்லை. ஜெயிலில் அவனுக்குக் காதல் கடிதங்கள் வந்தன, கல்யாணமே நடந்தது, பிறகு ஆண்டவரும் வந்தார். இப்போது ஊர் ஊராகக் கூட்டிக்கொண்டு போகிறார்கள். சாட்சியில் எவ்வளவு ரத்தம் உண்டோ அவ்வளவு கூட்டம்.

சனிக்கிழமைக் கூட்டம் நடத்தும் சபையின் பாஸ்டர் வெஸ்லி பள்ளிச் சமையலறைக்கே தேடி வந்தார். இளைஞர், பேட்டைக்குப் புதியவர், நல்ல பற்கள். அரிசி களைந்துகொண்டிருந்த ஜுரேமாவின் பக்கத்தில் நின்று மெல்லிய குரலில் பேசினார்.

"சகோதரி, உங்க துக்கத்தப் பத்திக் கேள்விப்பட்டேன். சனிக்கிழம மேடைல நீங்க அவரக் கட்டிப்புடிச்சு மன்னிச்சீங்கன்னா, எத்தன ஆத்துமாக்கள் தொடப்படும்!"

"கேமரா இருக்குமா பாஸ்டர்?"

"நேரலை சகோதரி."

ஜுரேமா அரிசித் தண்ணீரைக் கொட்டினாள். அவளுக்கு ஒரே ஒரு நினைப்புதான். தொலைக்காட்சியில் சொன்ன பொய்யை அவன் வாயாலேயே, ஊர் பார்க்கத் திருப்பி வாங்க வேண்டும்.

"வர்றேன். ஆனா ஒண்ணு. எந் தம்பி பேரச் சொல்லி, அவன் ரொட்டி சுடுறவன், திருடன் இல்ல, ஆள் மாத்திச் சுட்டேன்னு அவன் சொல்லணும். சொன்னான்னா கட்டிப்புடிக்கிறேன். வேணும்னா முத்தமே குடுக்கறேன், பன்னிக்கு."

"நிச்சயமா சகோதரி" என்றார் பாஸ்டர், கடைசிச் சொல் காதில் விழாதவர்போல.

சனிக்கிழமை சபை நிறைந்து வழிந்தது. முதல் வரிசையில் சக்கர நாற்காலியில் நேலியு முதலாளி, மடியில் கம்பளி. உடம்புதான் போயிருந்தது, புத்தி அப்படியே இருந்தது. பக்கத்தில் ஸுல்மிரா, கிழவியாகி, வேதப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு. டிரம்ஸ் அடித்தார்கள். அமாரு மேடை ஏறினான்.

நன்றாகப் பேசினான், அந்தப் பாவி. எங்கே குரலை இறக்க வேண்டும், எங்கே சிரிக்க வைக்க வேண்டும் என்று கற்று வைத்திருந்தான். "எத்தன பேருன்னு கேக்குறீங்களா? அந்தக் கணக்க ஆண்டவர்கிட்ட ஒப்படைச்சிட்டேன், எனக்கு மறதி ஜாஸ்தி" என்றதும் சிரித்தார்கள். கொலைக்குச் சிரித்தார்கள்! பிறகு குரலை இறக்கினான். "ஆனா அந்த இருட்டுலயும் ஆண்டவர் எங் கையப் புடிச்சிருந்தாரு. உழைக்கிறவன் ஒருத்தன் மேலகூட இந்தக் கை பட்டதில்ல."

"அல்லேலூயா!"

ஜுரேமாவை மேடைக்கு அழைத்தார்கள். ஏறினாள். அவள் சுதாரிப்பதற்குள் அமாரு வந்து கட்டிக்கொண்டான், லாவெண்டர் வாசனை அடித்தது. விளக்குகள் கண்ணைக் கூச வைத்தன. கூட்டம் அழுதது.

"என்ன மன்னிச்சிடுங்க சகோதரி" என்றான் மைக்கில்.

அவனைத் தள்ளி நிறுத்தினாள். "எந் தம்பி பேரச் சொல்லு."

"ஆண்டவருக்கு எல்லாப் பேரும் தெரியும் சகோதரி."

"நான் ஆண்டவர்கிட்ட கேக்கல. ஒங்கிட்ட கேக்குறேன்."

அமாரு பாஸ்டரைப் பார்த்தான். பாஸ்டர் உதட்டை அசைத்துக் காட்டினார். "ஜெனிவால்" என்றான், பரீட்சையில் எட்டிப் பார்த்து எழுதுகிறவன் மாதிரி.

"என்ன வேல பாத்தான்?"

அவன் உள்ளங்கையால் மைக்கை மூடிக்கொண்டு அவள் காதருகே குனிந்தான். "அக்கா, பையானோன்னு சொன்னாங்க. பையானோவச் சுட்டேன். இத இப்ப இங்க ஒத்துக்கிட்டா நான் யாரு சொல்லு? வெறும் கொலகாரன்." பிறகு கையை எடுத்தான். முகத்தில் கண்ணீர் வந்துவிட்டது, நினைத்த நேரத்தில் வரும் கண்ணீர். "சபையே! இந்தச் சகோதரியோட தம்பி வழி தவறின பிள்ள. அவன் பாவங்கள ஆண்டவர் மன்னிச்சிட்டாரு. நானும் மன்னிச்சிட்டேன்!"

கொன்றவன், செத்தவனை மன்னிக்கிறான்! கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. அதே கைதட்டல். ஜுரேமா மைக்கைப் பிடுங்கினாள். அதில் உயிர் இல்லை, நிறுத்திவிட்டார்கள். டிரம்ஸ் முழங்க ஆரம்பித்தது. மைக்கை எறிந்துவிட்டு, மைதானத்தின் கடைசிவரை கேட்கும் அந்தக் குரலில் கத்தினாள்.

"எந் தம்பி ரொட்டி சுட்டவன்டா! நீங்க எல்லாம் தின்ன ரொட்டி! நேலியு முதலாளி, வாயத் தொறங்க. எந்தப் பையானோன்னு நீங்க சொன்னீங்களா? மெழுகுவத்தி தீந்துபோச்சா, இல்ல இருந்துச்சா? சொல்லுங்க!"

நேலியு மடியிலிருந்த கம்பளியை இழுத்துவிட்டுக்கொண்டார். ஸுல்மிரா தலையைத் தூக்கவில்லை. பாஸ்டர் ஓடிவந்து ஜுரேமாவின் உச்சந்தலையில் கையை அழுத்தி, "கோப ஆவியே, இவள விட்டு வெளியே போ!" என்றார். அவர் கையைத் தட்டிவிட்டாள். "இது ஆவி இல்ல பாஸ்டர். இது நான். இது என்னோட கோவம். இத வெளிய அனுப்ப நீ யாரு?" நான்கு தொண்டர்கள் அன்பாக, மிக அன்பாக, அவளை வாசலில் கொண்டுபோய் விட்டார்கள்.

திங்கட்கிழமை காலை ரொட்டிக் கடை வரிசையில் நின்றாள். முன்னால் நின்றவள் திரும்பி அவள் தோளைத் தொட்டாள். "வீடியோ பாத்தேங்கா. அழுதுட்டேன். எவ்வளவு பெரிய மனசு ஒங்களுக்கு!" கைப்பேசியைக் காட்டினாள். கட்டிப்பிடித்த காட்சி, மெல்லிய இசை, அத்தோடு முடிந்தது. கீழே எழுதியிருந்தது: 'கொலையாளியை மன்னித்த அக்கா.' ஊரே பார்த்திருந்தது. அவள் கத்தியதை ஒருவனும் கேட்கவில்லை.

"நான் மன்னிக்கல" என்றாள் ஜுரேமா.

"ஆங்?"

"மன்னிக்கலன்னு சொன்னேன். காது கேக்கலியா?"

அந்தப் பெண் மிரண்டு முன்னால் திரும்பிக்கொண்டாள். இனி யாரிடம் போய்ச் சொல்வது? பேட்டைக்கு உள்ளே இருக்கிறவர்களுக்கெல்லாம் தெரியும், தெரிந்தே பொய் சொல்கிறார்கள். வெளியே இருக்கிறவர்களுக்கு வீடியோ போதும்.

அப்போதுதான் எதிரே பார்த்தாள். முனைக் கம்பத்தடியில், அமாருவின் சுவரொட்டிக்குக் கீழே, சரியாகத் தம்பி விழுந்து கிடந்த அந்த இடத்தில், ஸுல்மிரா முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தாள். ஒரு மெழுகுவத்தியைக் கொளுத்தித் தரையில் ஒட்ட வைத்துக்கொண்டிருந்தாள். ஜுரேமா வரிசையை விட்டு விலகித் தெருவைக் கடந்து போனாள்.

"என்ன இது?"

"ஒரு வெளக்குதான் பொண்ணே. ரெண்டு நாளா தூக்கமில்ல."

"யாருக்கு?"

"தெரியாதா? பையானோவுக்கு."

ஜுரேமா குனிந்து ஊதி அணைத்தாள்.

"அடியே!" என்றாள் ஸுல்மிரா.

"பையானோவுக்கு ஏத்தணும்னா பணிமனைக்குப் பின்னாடி போய் ஏத்து. இங்க செத்தது யாரு?"

கிழவி உதட்டை ஈரப்படுத்திக்கொண்டாள். "ஜெனிவால்."

"கேக்கல."

"ஜெனிவால்டி!"

"எனக்குக் கேட்டு என்ன பிரயோஜனம்? நேலியு வீட்டு மாடி வரைக்கும் கேக்கணும்."

ஸுல்மிரா கம்பத்தைப் பிடித்துக்கொண்டு மெல்ல நிமிர்ந்தாள். எதிர்ச்சாரியில் ரொட்டி வரிசை முழுவதும் இங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தது. சிலர் கைப்பேசியைத் தூக்கிவிட்டார்கள். "ஜெனிவால்!" என்று கத்தினாள். குரல் உடைந்தது, ஆனாலும் கத்தினாள்.

"யாரும்மா அந்த ஜெனிவால்?" வரிசையிலிருந்து ஒரு இளைஞன் கேட்டான்.

ஜுரேமா கையைக் கட்டிக்கொண்டு கிழவியையே பார்த்தாள்.

"இந்தக் கடைல ரொட்டி சுட்ட பையன்" என்றாள் ஸுல்மிரா. "எம் புள்ளைங்களுக்கு ரொட்டி குடுத்தவன். திருடன் இல்ல. நேலியு தப்பா சொன்னாரு, அமாரு ஆள் மாத்திச் சுட்டான். எங்க எல்லாருக்கும் அன்னிக்கே தெரியும்."

எதிரே நேலியு வீட்டு மாடியில் ஒரு ஜன்னல் படாரென்று சாத்திக்கொண்டது. ஜுரேமா கீழே கிடந்த தீப்பெட்டியை எடுத்து ஸுல்மிராவின் கையில் வைத்தாள்.

"இப்ப ஏத்து."